ரெண்டரை அடி முடுக்கு

வக்கீல் ஆபீசுக்குக் குமாஸ்தாவாகப் புதிதாக வந்திருக்கிறவர்களும், கோட்டின் கறுப்பு இன்னும் வெளுக்காத ஜூனியர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஜெயித்த கேஸ்களைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இதுவும் ஜெயித்த கேஸ்தான். இருந்தாலும் ஜெயித்த கணக்கில் இதைச் சேர்க்க எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை.

என்னைப் பற்றி ரெண்டு வரி. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் இருந்தேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், லாரியில் கிளீனராக வடக்கே ரொம்ப தூரம் போனேன். ஒரே இடத்தில் ரெண்டு வருஷம் ஆனால் எனக்குக் கால் அரிக்கும். மதுரைக் கோர்ட்டுக்கு முதலில் வந்தது ஒரு லாரி விபத்துக் கேஸில் சாட்சி சொல்ல. வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தவனை, ஒரு வக்கீல் கூப்பிட்டுக் கேஸ் கட்டைத் தூக்கிவரச் சொன்னார். தூக்கினேன். அப்படியே ஒட்டிக்கொண்டது. அங்கேயும் ஆபீஸ் மாறிக்கொண்டே இருந்தேன். ஓய்வு பெறும் வரை கடைசியாக இருந்தது ஒரு வக்கீல் அம்மாவிடம். அவரை மேடம் என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் என்பதால் அவர் என்னை அண்ணே என்பார்.

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் மனு எழுத வரும். பழைய மனுவைக் கம்ப்யூட்டரில் திறந்து, பேரை மாற்றி, சர்வே நம்பரை மாற்றி, நாலு எல்லையை மாற்றினால் புது மனு. நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

இடைக்காலத் தடை கேட்கிற மனுவில் ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கும். ‘தடை வழங்காவிட்டால் மனுதாரருக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்படும்.’ கேஸ் முடிய வருஷக்கணக்காகும், அதற்குள் எதிராளி காரியத்தை முடித்துவிட்டால் பிறகு ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை, ஆகையால் இப்போதே நிறுத்துங்கள் என்று கேட்பதுதான் அந்த மனு. அதற்கு உயிரே அந்த வாக்கியம்தான். அது என்ன இழப்பு, ஏன் ஈடுசெய்ய முடியாது என்று அதற்குக் கீழே நாம் எழுத வேண்டும். நான் எழுதியதில்லை. வாக்கியம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் மாற்றுவதற்குப் பேர் எதுவும் இல்லை.

அழகர் எங்கள் ஆபீசுக்கு வந்தது ஒரு புதன்கிழமை. செல்லூரில் வீடு. சொந்தமாக நாலு விசைத்தறி. சட்டைப்பையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. அவர் வீட்டிலிருந்து தெருவுக்கு வர ஒரு முடுக்கு. ரெண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் ரெண்டரை அடி அகலம், அறுபது அடி நீளம். எதிரில் யாராவது வந்தால் ஒருவர் பின்னால் நகர வேண்டும். அந்த ரெண்டு வீட்டையும் ஒரே ஆள் வாங்கிவிட்டார். நடுவில் இருப்பதும் தனக்குத்தான் என்று சொல்லி, அழகர் வீட்டுப் பக்கம் முடுக்கின் வாயில் சுவர் வைத்து, மேலே தகரம் போட்டுக் குடோன் ஆக்கப்போகிறார். செங்கல் இறங்கிவிட்டது.

“எம்புட்டு நாளா அந்த வழி?” என்று கேட்டேன்.

“எங்க தாத்தா காலத்துல இருந்துண்ணே.”

“வேற வழி இருக்கா?”

“பின்னாடி வாய்க்காலை மூடி ரோடு போட்டுருக்காய்ங்க. இருபதடி ரோடு. ஆனா எங்க...”

“இருபதடி ரோடு இருக்குன்னு சொன்னீங்கன்னா தடை கிடைக்காது தம்பி. அதைப் பேசாதீங்க.”

அவர் சட்டைப்பையில் இருந்த நூல் பிசிறைக் கிள்ளி எடுத்தார். பிறகு, “தங்கச்சி ஒருத்தி இருக்காண்ணே, பேச்சின்னு. முடுக்கு முடியிற இடத்துல பட்டறை, அங்க நூல் சுத்துற வேலைக்குப் போறா. அவளுக்கு...” என்று ஆரம்பித்தார்.

“பத்திரத்துல அவ பேரு இருக்கா?”

“இல்லண்ணே. எம் பேருலதான்.”

“அப்ப விடுங்க. பத்திரம் யாரு பேருல இருக்கோ அவருதான் மனுதாரர். ஊரு உறவு எல்லாத்தையும் எழுதுனா ஜட்ஜுக்குக் கொட்டாவி வரும்.”

அழகர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் தொழிலில் இது பழக்கம். பத்திரத்தில் இல்லாதவர் மனுவில் இல்லை. அன்று மாலையே மனு தயார். ‘மேற்படி முடுக்கைத் தவிர மனுதாரருக்கு வேறு வழியே இல்லை’ என்று எழுதினேன். அதுவும் பழைய மனுவில் இருந்த வாக்கியம்தான். மேடம் அன்று வேறொரு கேஸில் மூழ்கியிருந்தார். படித்தார், கையெழுத்துப் போட்டார். அழகரும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஜட்ஜ் உடனே தடை தரவில்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகட்டும் என்றார். அவர்கள் வந்தார்கள். இடத்தைப் பார்த்துவர ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வழி மறுக்கிற ஆளே வந்து பாருங்கள் என்று கூப்பிடுகிறான் என்றால், பார்க்கிறதுக்கு ஏதோ இருக்கிறது.

விசாரணை வெள்ளிக்கிழமை. கமிஷனரின் அறிக்கையோடு போட்டோ இணைத்திருந்தது. வாய்க்காலை மூடிப் போட்ட ரோடு. நல்ல ரோடு. அதில் ஒரு தண்ணி லாரியும் எதிரே ஒரு பள்ளிக்கூட வேனும் ஒரே நேரத்தில் போகிற மாதிரி எடுத்திருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வேறு வழியே இல்லை என்று சத்தியம் செய்து எழுதியிருக்கிறார்கள். இது என்ன?”

அவருடைய குமாஸ்தா எனக்குப் பழகின ஆள். என் பக்கத்தில் நின்றுகொண்டு காதில் சொன்னான்: “என்ன மாப்ள, உங்க ஆளுக்கு வழியே இல்லைன்ன? அழகர் தேரையே இழுத்துட்டுப் போகலாம் போலயே!”

ஜட்ஜ் போட்டோவைப் பார்த்தார், எங்கள் மனுவைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் உத்தரவு. மனுதாரர் உண்மையை மறைத்திருக்கிறார். குறுகலான முடுக்கைவிட அகலமான, வசதியான மாற்றுப் பாதை அவருக்கு இருக்கிறது. எனவே ஈடுசெய்ய முடியாத இழப்பு எதுவும் இல்லை. மனு தள்ளுபடி.

எனக்குப் பெரிய வருத்தமெல்லாம் இல்லை. தோற்பது புதிதா? அப்பீல் போட்டுக்கொள்ளலாம். “திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கெல்லாம் ஆபீசுக்கு வந்துருங்க தம்பி, பேப்பர்ல கையெழுத்து வாங்கணும்” என்று அழகரிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சனி, ஞாயிறு கோர்ட் லீவு. அந்த ரெண்டு நாளில் கட்டுகிற சுவர்கள் இந்த ஊரில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஞாயிறு சாயங்காலம் சுவர் எழும்பி, திங்கள் விடியும்போது பூச்சும் முடிந்துவிட்டது.

திங்கள் காலை அழகர் சரியாக ஏழு மணிக்கு வந்தார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். எட்டரைக்கு அவர் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் முகம் சுருங்கியது. “அண்ணே, வண்டி இருக்கா? செல்லூர் போகணும்.”

என் பைக்கில்தான் போனோம். அந்த இருபதடி ரோட்டில் முதலில் பார்த்தது கூட்டத்தை. ஒரு குட்டியானை சரக்கு வண்டி குறுக்காக நின்றது. டிரைவர் கீழே இறங்கி நின்று கத்திக்கொண்டிருந்தார். “நடு ரோட்டுல வந்து நின்னா எப்புடிம்மா? நான் பிரேக்கு அடிக்கலைன்னா?”

நடு ரோட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். கால்களை மடக்கி, ரெண்டு உள்ளங்கையையும் விரித்து மடிமேல் வைத்திருந்தாள். கையில் சிமெண்ட் காய்ந்து வெள்ளையாகி வெடித்திருந்தது. முகத்தை எங்கள் பக்கம் திருப்பினாள். பார்வை எங்கள் மேல் நிற்கவில்லை.

அழகர் ஓடிப்போய், “பேச்சி, நான்தேன்” என்றார்.

“எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலண்ணே. நடந்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணுமே வரல” என்றாள்.

நான் பைக்கின் ஸ்டாண்டைப் போடாமல் விட்டுவிட்டேன். அது என் கால்மேல் சாய்ந்தது. அந்த வலி எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவள். இதைத்தான் அழகர் அன்றைக்குச் சொல்ல வந்தார்.

ஞாயிறு இரவே சுவரைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறார். ‘காலையில நான் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போறேன்’ என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் காலை ஏழு மணிக்கு அவரை ஆபீசுக்கு வரச் சொன்னது நான். வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். பட்டறை எட்டு மணிக்கு. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, எழுந்து முடுக்குக்குப் போயிருக்கிறாள்.

பிறகு அழகர் வீட்டு மாடியிலிருந்து சுவரின் இந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். பூச்சு முழுக்கக் கை பதிந்திருந்தது. தரையை ஒட்டி ஆரம்பித்து, வரிசையாக, இடமிருந்து வலம், பிறகு அதற்கு மேலே, அதற்கும் மேலே, கை எட்டுகிற உயரம் வரைக்கும். எங்கேயாவது சந்து விட்டிருக்கிறார்களா என்று தேடியிருக்கிறாள். ஓர் இடத்தையும் விடவில்லை. மேல் வரிசையில் விரல் நுனிகள் மட்டும்தான் பதிந்திருந்தன. எம்பிப் பார்த்திருக்கிறாள். அங்கே வழி இல்லை என்றதும்தான் பின்னாடி ரோட்டில் இறங்கியிருக்கிறாள்.

கல்குவாரியில் கை போன ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். லாரிக்கு அடியில் கிடந்தவர்களைப் பார்த்தவன். அந்தச் சுவரைப் பார்த்தபோது மாடிக் கைப்பிடியை விட்டு என்னால் கையை எடுக்க முடியவில்லை.

ஆபீசுக்குத் திரும்பி மேடத்திடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“உங்ககிட்ட அவர் சொல்லவே இல்லையா அண்ணே?”

“சொல்ல வந்தாரு மேடம். நான் விடல.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீங்க எழுதுனீங்க. நான் கையெழுத்துப் போட்டேன். செல்லூரு இங்கிருந்து எம்புட்டு தூரம்? ரெண்டு பேருமே போகல” என்றார்.

அப்பீலில் பேச்சியின் பிரமாணப் பத்திரத்தையும் வைத்தோம். இந்த முறை பழைய மனு எதையும் திறக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முடுக்கில் இறங்கி ரெண்டு கையையும் விரித்தால் ரெண்டு பக்கமும் சுவர் தட்டும். பதினோராவது அடியில் இடது பக்கம் ஒரு உடைந்த செங்கல். பிறகு தண்ணிக் குழாய், அதில் கை வைத்தால் குளிர்ச்சி. பிறகு வலது பக்கம் ஜன்னல் கம்பி. ஜன்னல் தாண்டினால் நூலுக்குப் போடுகிற கஞ்சி வாடை, அது பட்டறை. ஏழு வயதிலிருந்து தனியாகப் போய் வருகிறாள். யாரிடமும் கையைப் பிடித்துக்கொள் என்று கேட்டதில்லை. ஊரில் அவள் தனியாகப் போகக்கூடிய இடம் அந்த அறுபது அடிதான்.

மேல் கோர்ட் ஜட்ஜ் அதை ரெண்டு தடவை படித்தார். “இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?” என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். “அப்பீலுக்காகச் செய்த கதை ஐயா. முதலில் வழியே இல்லை என்றார்கள். ரோடு இருக்கிறது என்று தெரிந்ததும் கண் தெரியாத தங்கையைக் கூட்டிவருகிறார்கள்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. பொய்க்குப் பின்னால் வருகிற நிஜத்துக்கு அந்த மரியாதைதான் கிடைக்கும். தவிர, கட்டாதே என்று இடைக்கால உத்தரவு போடுவது ஒன்று. கட்டியதை இடி என்று இடைக்காலத்திலேயே சொல்வது வேறு. ரொம்ப அபூர்வமாகத்தான் செய்வார்கள். கீழ்க் கோர்ட் வழக்கை விரைவாக நடத்தி முடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி ஜட்ஜ் அனுப்பினார். விரைவாக என்றால் நாலு வருஷம்.

அந்த நாலு வருஷம் பேச்சி வீட்டிலேயே இருந்தாள். சிமெண்ட் அரித்து உரிந்த கைத்தோல் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. முதலில் கொஞ்ச நாள் அழகர் அவள் கையைப் பிடித்துப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அவருக்குத் தறி வேலை. ஒரு நாள் நேரமாகும், ஒரு நாள் மறந்துபோகும். பட்டறைக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். ரோட்டில் போகக் குச்சி பழகிக்கொடுக்க ஒருவரை மேடம் ஏற்பாடு செய்தார். ரெண்டு நாள் போனாள். மூன்றாம் நாள் வண்டி ஒன்று பக்கத்தில் ஹாரன் அடித்தது. அத்தோடு நிறுத்திவிட்டாள்.

சாட்சிக் கூண்டில் அவளை ஏற்றினோம். எதிர்த்தரப்பு வக்கீல் தன்மையாகத்தான் கேட்டார். “இருபதடி ரோடு இருக்கும்மா. முடுக்குல இடிச்சுக்கிட்டு நெரிச்சுக்கிட்டுப் போறதுக்கு அது நல்லதுதானே?”

“உங்களுக்கு நல்லதுய்யா” என்றாள். “எனக்கு அதுல சொவரு இல்ல.”

“புரியலம்மா.”

“முடுக்குல கையை நீட்டுனா ரெண்டு பக்கமும் பிடிமானம் இருக்கும். ரோட்டுல நீட்டுனா ஒண்ணுமே இல்ல. நீங்க கண்ணை மூடிக்கிட்டு எங்கேயாவது ஒண்ணுமே இல்லாத இடத்துல நின்னுருக்கீகளா?”

அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் கேள்வியைப் பாதியில் விட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். அந்த முடுக்கு, அழகர் குடும்பம் தலைமுறையாகத் தடையில்லாமல் நடந்துவந்த வழி என்று தீர்ப்பு வந்தது. சுவரை எடுக்க வேண்டும்.

கோர்ட் அமீனா கடப்பாரை ஆட்களோடு வந்தார். நானும் மேடமும் போயிருந்தோம். மேலே போட்டிருந்த தகரத்தைக் கழற்றினார்கள். சுவரை உடைத்தார்கள். கைகள் பதிந்த பூச்சு துண்டு துண்டாக விழுந்தது. கல்லை அள்ளி, கூட்டி, தண்ணீர் தெளித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. தெருவில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அழகர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் நெஞ்சு லேசாக இருந்தது. பரவாயில்லை, செய்த தப்பைச் சரி செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பேச்சியைக் கூட்டிவந்து முடுக்கில் விட்டார் அழகர். “போ. உன் வழிதேன்.”

அவள் ரெண்டு கையையும் விரித்தாள். சுவர் தட்டியதும் முகம் மலர்ந்தது. நடந்தாள். உதட்டில் எண்ணிக்கை ஓடியது. பதினோராவது அடியில் நின்றாள். இடது கை சுவரில் மேலும் கீழும் போனது. ரெண்டடி பின்னால் வந்து மறுபடி தடவினாள். இன்னும் கொஞ்சம் முன்னால் போனாள். குழாயைத் தேடினாள். ஜன்னலைத் தேடினாள். குடோன் ஆக்கியபோது அந்த ஆள் குழாயைப் பிடுங்கி, ஜன்னலை அடைத்து, ரெண்டு பக்கமும் வழவழவென்று பூசி, எண்ணெய்ப் பெயிண்டும் அடித்திருந்தார். தண்ணி இல்லை, கம்பி இல்லை, செங்கல் இல்லை. பட்டறையும் ஆனையூர்ப் பக்கம் மாறிவிட்டதால் கஞ்சி வாடையும் இல்லை.

நடுவில் நின்றுவிட்டாள். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அண்ணே” என்று கூப்பிட்டாள். அழகர் ஓடினார். “இது வேற முடுக்குண்ணே. வீட்டுக்குப் போவோம்” என்றாள்.

அழகர் அவள் கையைப் பிடித்தார். ரெண்டு பேர் சேர்ந்து நடக்க அதில் இடம் இல்லை. அவர் பக்கவாட்டில் திரும்பி, சுவரில் முதுகை உரசிக்கொண்டே அவளைக் கூட்டிப்போனார். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அமீனா என்னிடம் பேப்பரை நீட்டினார். உத்தரவு நிறைவேற்றப்பட்டது என்று எழுதியிருந்தது. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எத்தனையோ மனுவில் நான் எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழைகூட இருக்காது. அது என்ன என்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் ஆபீசில் மூன்று வருஷம் இருந்தேன். தடை கேட்டு யார் வந்தாலும் பத்திரத்தைக் கடைசியாகத்தான் வாங்கினேன். முதலில், நாளைக்கே அது போய்விட்டால் உங்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆகும், எது திரும்ப வராது என்று கேட்டேன். சிலர் என்னைக் கிறுக்கன் என்று நினைத்தார்கள். எதிர்த்தரப்புக்குச் சாதகமான விஷயம் இருந்தால் அதையும் முதல் பக்கத்திலேயே எழுதினேன். ரோடு இருக்கிறது, ஆனால் இவளுக்கு அது ரோடு இல்லை என்று எழுதியிருந்தால், அன்றைக்கு அந்த ஜட்ஜ் போட்டோவை வேறு மாதிரி பார்த்திருப்பார். இடத்தையும் போய்ப் பார்த்தேன். செல்லூருக்கு எங்கள் ஆபீசிலிருந்து பைக்கில் கால் மணி நேரம்.

அதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன். வருகிறவர் பேசும்போது கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிடுங்கள். ‘தங்கச்சி ஒருத்தி இருக்காண்ணே, அவளுக்குக் கண்ணு தெரியாது.’ அழகர் அன்றைக்குச் சொல்ல வந்தது அவ்வளவுதான். கடைசி ரெண்டு வார்த்தைதான் பாக்கி இருந்தது.